நானூறு காவல்காரர்கள்

கொல்லையில் நிற்கும் வெள்ளை மல்பெரி மரத்தால் என்ன பிரயோஜனம் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி கேட்காத நாளில்லை. பழம் கொட்டிக் கொடித்துணி பாழ். இலை பெருக்கி இடுப்பு பாழ். வெட்டித் தள்ளுங்கள் என்பாள்.

ஒருநாள் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். பட்டுப்புழு. அந்த இலைதான் அதற்குச் சாப்பாடு. மாடியறையில் தானே வளர்த்து, அவளுக்குப் பட்டுப்புடவையே நெய்யக் கொடுக்கப்போவதாக அளந்தார். புழு சத்தம் தாங்காதாம். தன்னைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாதாம்.

உள்விஷயம் வேறு. விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த சிகரெட்டை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து பிடித்து மனுஷர் நொந்துபோயிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக ஒன்று பிடிக்க அவருக்கு ஓர் அறை வேண்டும்.

மனைவி சண்டையே போடாமல் சரி என்றாள். ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவருக்கு அது கண்ணில் படவில்லை.

புழுப் பண்ணையில் வேலை பார்க்கும் மச்சினன் ஒரு தட்டு நிறையக் குட்டிப் புழுக்களைத் தந்துவிட்டுப் போனான். அவர் கதவைச் சாத்தினார். தீப்பெட்டியை எடுத்தார். வெளியே குரல் கேட்டது.

"என்னங்க, தம்பி ஒண்ணு சொல்லிட்டுப் போனான். புகையிலை வாசம் பட்டா புழு செத்துடுமாம்."

"அப்படியா?"

"இலை போடற கையில வாசம் இருந்தாலே போதுமாம்."

"நான்தான் எப்பவோ விட்டுட்டேனே."

"தெரியுமே. அந்த தைரியத்துலதான் உங்ககிட்ட ஒப்படைச்சிருக்கேன். மொத்தம் நானூறு. தினம் காலையில வந்து எண்ணிப் பாத்துக்கறேன்."

தீப்பெட்டி பைக்குள் திரும்பியது.

அன்றிலிருந்து புழுக்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளைச் சாப்பாடு. மரத்தில் ஏறினார், இலை பறித்தார், ஈரம் துடைத்தார், பொடிப்பொடியாக நறுக்கினார். மாமியார் வீட்டு விருந்தாளிகள்கூட இப்படித் தின்றதில்லை. தலையில் இலையோடு கடைக்குப் போய் வாடிக்கையாளரிடம் சிரிப்பு வாங்கினார்.

நாலாம் நாள் ஒரு புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. காலையில் எண்ணிக்கை குறைந்தால் பழி யார் தலையில்? கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து, "எந்திரிடா ராசா, நான் ஒண்ணுமே பண்ணலடா" என்று கெஞ்சினார். அது தோலுரிக்கத் தூங்குகிறது என்று மச்சினன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இருபத்தாறாம் நாள் கடைசிப் புழுவும் கூடு கட்டி முடித்தது. நானூறும் பத்திரம். அவர் கை மெல்லப் பையைத் தேடியது.

கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். கையில் புதுத் தட்டு.

"ஒரு புடவைக்கு நாலாயிரம் கூடு வேணுமாங்க. இன்னும் ஒம்போது தட்டுதான் பாக்கி."