சாம்பியன் பலகையில் ஒரு காலிக் கட்டம்

கோல்கீப்பர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. இறுதிப் போட்டியில் ஜெயித்த மறுநாள். பேருந்து நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியே கேப்டனிடம் சொன்னாள்: “அக்கா, பலகையில நம்ம பேரு ஏறினதும் படம் எடுத்து அனுப்புங்க.”

ஏறினால்தானே.

பட்டியலார் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டார மகளிர் கால்பந்து லீக்கின் செயலாளர் அந்த இனத்துக்கே தலைமகன். எந்த ஆண்டு எந்த அணி சாம்பியன், எத்தனை கோல், அன்று மழையா வெயிலா, நடுவருக்கு எந்தப் பக்கம் பல்வலி என்பது வரை, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், முடிவெட்டும் கடையிலும் சாவு வீட்டிலும், மூச்சு விடாமல் ஒப்பிப்பார். பந்தை உதைத்த பெண்கள்? அவர்கள் கிடக்கட்டும்.

அலுவலகச் சுவரில் தொங்கும் சாம்பியன் பலகையில் அவரேதான் தூரிகை பிடித்து எழுதுவார். ஒரே விதி: தன் கண்ணால் பார்க்காத வெற்றியை எழுதமாட்டார். வரலாறு அவர் வீட்டுக் கன்றுக்குட்டி. அவர் அவிழ்த்துவிட்டால்தான் நகரும்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கேப்டன், ஆறு ஆண்டுகளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து வாதாடினாள்.

“சார், கடைசி நிமிஷத்துல நான் கோல் போட்டேன். கோப்பையை நீங்கதான் என் கையில குடுத்தீங்க.”

“குடுத்தேம்மா, இல்லைன்னா சொன்னேன்? கோலை நான் பாக்கலையே.”

“மைதானமே பாத்துச்சு.”

“ஊர் சொன்னதை எழுதினா அதுக்குப் பேரு வதந்தி.”

“அப்ப நீங்க எங்க பாத்துட்டிருந்தீங்க?”

“முக்கியமான வேலையா இருந்தேன்.”

புதிதாகச் சேர்ந்த பெண்கள் பலகையைப் படித்துவிட்டு, “நீங்க ஒரு தடவைகூட ஜெயிக்கலையா அக்கா?” என்று பாவம் பார்த்துக் கேட்டதுதான் கேப்டனுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஏழாம் ஆண்டு, கோல்கீப்பரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அக்கா, எங்கம்மாவோட பழைய போன்ல கிடைச்சுது. பந்தை விடுங்க, முன்வரிசையைப் பாருங்க.”

படத்தில் பந்து வலைக்குள். கூட்டமே கையைத் தூக்கியிருக்கிறது. ஒருவர் மட்டும் மைதானத்துக்கு முதுகு காட்டி, விரல் மடக்கி, பின்வரிசைக்காரருக்குப் பழைய சாம்பியன்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேப்டன் அதை, அந்த ஆண்டுக்கு அவர் எழுதாமல் விட்ட காலிக் கட்டத்தின் அளவுக்கு அச்செடுத்து, பலகையில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பட்டியலார் கிழிக்கவில்லை. தன் படத்தையே கிழிக்க யாருக்கு மனம் வரும்?

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். முகத்தைத் திருப்பி, கோலை விட்டுவிட்டு, அவர் சொல்வதை வாய்பிளந்து கேட்கும் அந்தப் பின்வரிசைக்காரரின் சட்டை, உங்களுடையதைப் போலவே இருக்கிறது.