புது டிஸ்க் எது என்று எனக்குத் தெரியும்

கம்ப்யூட்டர் தெரியாதவரால் கம்ப்யூட்டருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. பயத்தில் தொடவே மாட்டார். அரைகுறையாகத் தெரிந்து, அதையும் வேகமாகச் செய்பவர்தான் ஆபத்து. எனக்கு வேகம் அதிகம்.

ஏற்காட்டில் என் மாமா எட்டு அறை லாட்ஜ் நடத்துகிறார். யார் எந்த அறைக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதிவந்தவரை, "இன்னும் நோட்டா மாமா?" என்று சிரித்தே கம்ப்யூட்டருக்கு மாற்றியவள் நான். அடுத்த வருடம் அது மெதுவாக ஓடுகிறது என்றார். புது ஹார்டு டிஸ்க் வாங்கி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால்தான் ஆச்சு என்று அறிவித்தேன். (அவர் தூசி தட்டத்தான் கூப்பிட்டார்.)

சனிக்கிழமை கோடை விழா. நான்கு நாள் இருந்தது. எட்டு அறைக்கான பட்டியலும் பழைய டிஸ்க்கில் மட்டுமே இருந்தது.

புதியதைப் பழையதன் பக்கத்தில் மாட்டினேன். இரண்டும் ஒரே அளவு. பென் டிரைவிலிருந்து ஓட்டிய லினக்ஸ் பழையதை எஸ்டிஏ என்றது, புதியதை எஸ்டிபி என்றது. மறக்காமலிருக்க உள்ளங்கையில் எஸ்டிபி என்று எழுதிக்கொண்டேன். பார்ட்டிஷன் போட, அதாவது டிஸ்க்கைப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப் போனால், பிழை என்றது. மறுபடியும் பிழை. கேபிள் கோளாறு என்று முடிவு கட்டி, இரண்டு கேபிளையும் இடம் மாற்றிச் செருகினேன். பெயர்களும் இடம் மாறிவிட்டன. என் உள்ளங்கை மாறவில்லை. எஸ்டிபியில் இப்போது பிழையே வரவில்லை. எப்படி வரும், அது பழைய டிஸ்க்.

காப்பியோடு வந்த அத்தை திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல ஏற்கனவே என்னமோ இருக்குதுன்னு காட்டுதே. புதுசுன்னா காலியாத்தான இருக்கோணும்?"

"கடையிலயே ஏதாச்சும் போட்டிருப்பாங்க அத்தை. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"அப்பச் செரி சாமி."

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. படித்து முடிப்பதற்குள் சம்மதித்தேன்.

மாலையில் மாமா வந்தார். "நொம்ப வேகமா ஓடுதே கண்ணு. செரி, சனிக்கிழமை லிஸ்ட்ட எடு."

அரை மணி நேரம் தேடினேன்.

"லிஸ்ட் இல்லீங்க மாமா."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்க. அதும் மேலதான் லினக்ஸ் இருக்குது."

மாமாவுக்கு ஒரு பெயரும் நினைவில்லை. (கம்ப்யூட்டரே நினைவு வைத்துக்கொள்ளும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.)

சனிக்கிழமை குடையோடு கேட்டில் நின்று ஒவ்வொரு காராகக் கேட்டேன்: "ரூம் சொல்லியிருந்தீங்களா?" கோடை விழா நாளில் ஏற்காட்டில் அதற்கு இல்லை என்று சொல்லும் மனிதர் இன்னும் பிறக்கவில்லை. முதலில் வந்த எட்டு பேரும் தலையாட்டிவிட்டு அறைகளில் புகுந்தார்கள். ஒன்பதாவதாக வந்த சேலத்துக் குடும்பம் உண்மையிலேயே பதிவு செய்த குடும்பம்; மாமா கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டையே காட்டினார்கள். வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரியாத மாமா, தன் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு அத்தையோடு ஜீப்பில் படுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்களிடம் அறிமுகம் மட்டும் செய்துவைத்தார்: "இவதானுங்க இன்ஜினியர்."

ஐந்து வருடமாகிறது; கதை மலை முழுக்கப் பரவிவிட்டது. போன மாதம் பக்கத்து ஊர் மாரமங்கலத்தில் ஒரு விருந்து. கடைசிப் பந்தியில் ஒருவர் கறிக்குழம்பு கேட்டார். அத்தை காலிச் சட்டியைச் சாய்த்துக் காட்டினார்.

"மொதப் பந்தியிலயே லினக்ஸ் போட்டுட்டாங்க சாமி."

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்திருந்த நான் மெதுவாக இன்னொரு முறை கை கழுவப் போனேன்.