கோழிக் கொட்டாயில் வாங்கிய கல்யாணப் பத்திரிகை

எங்கள் பக்கத்தில் ஒருத்தரை அவமானப்படுத்தத் திட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமல் இருந்தால் போதும். வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும் தனித்தனியாக வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒரு ஆள் விட்டுப்போனாலும் காபியைத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். இந்த விசயத்தில் என்னை இதுவரை ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது. (அந்த ஒரு வாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது.)

நாமக்கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கோழிக் கொட்டாய். மகன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். மருமகள் மோகனா, எம்.எஸ்சி. கணக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக்கு வந்தவள். பட்டறையில் வேலை படுத்துவிட்ட சமயம் அது. ஒரு நாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஊட்டுல இருந்தே செய்யற வேலை ஒண்ணு இருக்குதுங்க. மேல்படிப்புப் படிக்கிறவங்களுக்குன்னே வெச்சிருக்காங்க. எங்கெங்கயோ இருக்கற பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கணக்குல சந்தேகம் கேக்கும், நான் கம்ப்யூட்டர்ல சொல்லித் தரோணும். சாயங்காலம் கொஞ்ச நேரந்தான். கெடச்சா, என்ற படிப்புச் செலவை நானே பாத்துக்குவேன்."

"கெடைக்கலீன்னா?"

"படிப்ப நிறுத்திப்போட்டு மில்லுக்குப் போறனுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மடியில் இருந்த புத்தகத்தை விட்டு அவள் கை எழவே இல்லை.

"ஆபீசு எங்க சாமி இருக்குது?"

"பெங்களூருங்க."

"நீ அங்க போவோணுமா?"

"இல்லீங்கத்தை. ஆபீசு இங்க வந்துரும்."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போனது. தார் ரோடு எங்கள் ஊருக்கு வரவே எத்தனையோ பேர் மனுக் கொடுத்து அலைந்தார்கள். ஒரு ஆபீசே ஒத்தைப் பெண்பிள்ளைக்காகக் கிளம்பி வருகிறதென்றால்! அன்றைக்கே அவள் உட்காரப் போகிற அரிசி மூட்டை அறையைக் கழுவித் துடைத்து, வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன்.

வேலைக்கு முன்னால் ஒரு பரீட்சை. "யாரும் உள்ள வந்துறக் கூடாதுங்க அத்தை, கேமரா பாத்துக்கிட்டே இருக்கும்" என்று சொல்லித்தான் கதவைச் சாத்தினாள். எனக்கும் விளங்கியது. யாரும் என்றால் வெளி ஆள்தானே? வீட்டுக்காரி நான் எப்படி 'யாரும்' ஆவேன்?

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால், கம்ப்யூட்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நேராக எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்துக்கு முகம் பார்த்தாகிவிட்டது. இனிமேல் பேசாமல் திரும்பினால் அந்த அம்மா என்ன நினைப்பார்? சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் மோகனா பக்கத்தில் நின்றேன்.

"வாங்க அம்மிணி, வாங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? தண்ணி குடிங்க."

அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடவில்லை. அவர் முகம் மறைந்து, கம்ப்யூட்டர் முழுக்க வெள்ளையாகி, நடுவில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது.

"என்ன சாமி, கோவிச்சுக்கிட்டாங்களா?"

"ரெண்டாவது முகம் தெரிஞ்சா பரீட்சை தானா நின்னுருமுங்க அத்தை" என்றாள் மோகனா. ஒரு வார்த்தை திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தாள். என் கையிலிருந்த சொம்பை வாங்கி அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அவள் ஆபீசுக்கு எழுதிக் கேட்டுக் கெஞ்சியதில், அந்த வாரத்திலேயே இன்னொரு தரம் பரீட்சைக்கு விட்டார்கள். இதுதான் கடைசி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். காக்காய் கத்தினாலும் கல்லை எடுத்தேன்.

அப்போது பார்த்து வந்து நின்றது ஒரு கார். என் வீட்டுக்காரரின் அக்கா இறங்கினார். நங்கை என்று கூப்பிடுவோம். பட்டுச் சேலை, கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, மகள் கல்யாணப் பத்திரிகை. பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை. நங்கை ரகசியம் பேசினால் அடுத்த தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் பதில் சொல்வார். அப்பேர்ப்பட்ட குரல். அவர், "பாவா..." என்று என் பேரைப் பாதி கூப்பிடுவதற்குள் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்திவிட்டேன்.

'வாங்க' சொல்லவில்லை. வாயைப் பொத்தினேன்!

அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோழிக் கொட்டாய்க்குப் போனேன். அண்ணன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"ஏ பாவாயி, உனக்கென்ன புடிச்சிருக்குது? என்ற புள்ள கல்யாணத்துக்கு அழைக்க வந்தவள வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"மெதுவாப் பேசுங்க நங்கை. உள்ள ஆபீசு நடக்குது. இன்னொரு முகத்தப் பாத்தா ஓடிரும்."

"யாரு ஊட்டுல ஆபீசு?"

"நம்ம ஊட்டுலதானுங்க. பெங்களூர்ல இருந்து வந்திருக்குது."

அண்ணன் நங்கையைப் பார்த்தார். நங்கை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

முட்டை அட்டைக் கட்டு மேல் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நங்கை தாம்பாளத்தை நீட்டினார். அந்தப் பட்டுச் சேலைச் சிவப்பைப் பார்த்து கூண்டிலிருந்த கோழி அத்தனையும் ஒரே குரலில் அலற ஆரம்பித்தது. எனக்கு உசுரே போய்விட்டது. மருமகள் படிப்பு இந்தக் கோழிகளோடு போச்சு என்று பத்திரிகையைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

ஜன்னல் ஓரமாக, முகம் தெரியாமல் குனிந்து எட்டிப் பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோகனா இங்கிலீசில் பேசிக்கொண்டிருந்தாள். தடங்கலே இல்லை. நடுநடுவே எழுதிக் காட்டுகிறாள். அந்தக் கண்ணாடிக்கார அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். சாம்பார் கொதிக்குதா பாருங்க அத்தை என்று என்னிடம் சொல்லுகிற அதே வாய்! நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கொட்டாயில் ஆள் இருப்பதையே மறந்து போனேன்.

முடித்துவிட்டு வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"கெடச்சிருச்சுங்க அத்தை! நடுவால என்ன சத்தம்னு கேட்டாங்க. கோழின்னேன். கோழி மொகம் கேமராவுல வல்லீல்ல, பரவால்லைன்னு சிரிச்சுட்டாங்க."

அதற்கப்புறம்தான் நங்கை ஞாபகம் வந்து ஓடினேன். இரண்டு பேரும் முட்டை அட்டை மேலேயே இருந்தார்கள். பட்டுச் சேலை முழுக்கத் தவிடு. மோகனா பின்னாலேயே வந்து வாங்க பெரியம்மா, வாங்க பெரியப்பா என்று மூச்சு வாங்கச் சொன்னாள். நங்கை அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் கண்ணு, நெசமாவே ஆபீசு வந்துதா?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே பத்திரிகையைக் கொடுத்து, குங்குமத்தை எடுத்து முதலில் அவள் நெற்றியில்தான் வைத்தார்.

என்னை அவ்வளவு லேசில் விடவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில், நூறு சனத்துக்கு நடுவில், அந்தக் குரலில் கேட்டார்: "ஏ பாவாயி, நீ மட்டும் வந்திருக்கறே? கோழிங்க வல்லியா? அதுங்களுக்குந்தான பத்திரிகை வெச்சோம்!" இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் யாராவது ஒருத்தர் என்னைக் கோழிகளின் சௌக்கியம் கேட்காமல் இலை போடுவதில்லை.

மோகனா எம்.எஸ்சி. முடித்துவிட்டாள். சாயங்கால வேலையை மட்டும் விடவில்லை. அதனால் சாயங்காலம் பத்திரிகையோடு வருகிறவர்கள் யாரும் இப்போது வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை, நேராகக் கொட்டாய்க்கே போய்விடுகிறார்கள். போன மாசம் அங்கே நாலு நாற்காலி வாங்கிப் போட்டு ஃபேனும் மாட்டினேன். முட்டை லோடு ஏற்ற வந்த டிரைவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, கோழிக்கு எதுக்குங்க சேரு?"

"கோழிக்கில்லீங்க. எங்க மருமவ ஆபீசுக்கு வாரவங்க உக்காரோணுமுல்ல?"