இன்ஜினுக்குள் போட்ட காப்பு

இடுப்பு ஒடிந்துவிட்டது. விடிந்ததிலிருந்து குனிந்து கரும்பு வெட்டியவனுக்கு நிமிர்வதே தனி வேலை. கையை முட்டியில் ஊன்றி, பல்லைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர முடியும். நான் பாதி நிமிர்ந்திருந்தபோது சர்தார் ஜெய்கரன் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்தார்.

சர்தார்தான் எங்கள் வெட்டுக் கூட்டத்துக்குத் தலைவர். வெட்டுகிறவர்கள் பதினோரு பேர், டிராக்டர் ஒன்று. அதற்கு வயது சர்தாரைவிட இரண்டு குறைவு. ஒரு வாரமாக அதற்கு ஒரு வியாதி. காலையில் கிளப்பினால் ஆயில் கேஜின் முள் போலீஸ்காரன் மாதிரி விறைத்து நிற்கும். ஒரு நடை கரும்பு இழுப்பதற்குள் சரிந்து பூஜ்யத்தில் படுத்துவிடும். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும்.

வெட்டு சுலபமாக இருக்க, நாலு ஏக்கர் கரும்பின் தோகையை முந்தின நாள்தான் கொளுத்தியிருந்தோம். ஆலைப் பட்டியலில் முறை வந்தால் முதலில் நெருப்பு வைப்போம். டிராக்டர் ஓடுமா என்று பிறகுதான் பார்ப்போம். அது எங்கள் வழக்கம். எரித்த கரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. நாளுக்கு நாள் அதில் சர்க்கரை செத்துக்கொண்டே போகும். கடைசியில் ஆலைக்காரன் வாசலோடு திருப்பிவிடுவான். ஆயில் ஏறாத இன்ஜினை ஓட்டினால் அது இறுகிப்போகும். இன்ஜின் இறுகினால் அந்தப் பருவம் பதினோரு வீட்டில் அடுப்பு எரியாது.

"மெஷின் மகராஜுக்கு ஆள் அனுப்புங்கடா" என்றார் சர்தார்.

மெஷின் மகராஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. மனிதனுக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊர் லம்பாசா பக்கம் தெருவுக்கு ஒருவர் உண்டு. இவர் இயந்திரத்துக்கு ஓட்டுவார். தண்ணீர் பம்ப், லாரி, ஐஸ் பெட்டி, எதுவானாலும் சரி. முன்பு சந்தையில் ரேடியோ பேட்டரி விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு பேட்டரி அவரிடம் பேசியதாம். என்ன பேசியது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லையே!

அதற்கு முந்தின வருஷம் பருவத் தொடக்கத்தில் வந்து எல்லா டிராக்டருக்கும் காப்புக் கட்டினார். மற்ற வண்டிகளுக்குச் சக்கரத்தில். எங்கள் சர்தார் கூடுதலாக ஒரு சேவல் கொடுத்ததால் எங்களுக்கு மட்டும் விசேஷக் காப்பு. மந்திரித்த சிவப்பு நூலை ஒரு கைப்பிடி எடுத்து, ஆயில் ஊற்றும் துளைக்குள் போட்டார். "வெளிய கட்டினா வெளிக்காத்துதான் அண்டாது. உள்ள போட்டாத்தான் உசுருக்குக் காப்பு" என்றார். நாங்கள் வாயைப் பிளந்தோம்.

மறுநாள் விடியும்போதே மகராஜ் வந்துவிட்டார். அவருக்கு முன்னால் கூட்டம் வந்துவிட்டது. பக்கத்து இரண்டு வெட்டுக் கூட்டமும் கத்தியைப் போட்டுவிட்டு வந்து நின்றது. மகராஜ் பானெட்டில் காதை வைத்தார். முகம் சுருங்கியது.

"முதல் கரும்பு வெட்டறதுக்கு முன்ன மண்ணுக்கு யங்கோனா வேரைக் கரைச்சு ஊத்தினீங்களா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களோடு வெட்டுகிற மோசேசேதான் தலையைச் சொறிந்தான். "கரைச்சோம் மகராஜ். நாங்களே குடிச்சுட்டோம்."

"நீங்க குடிச்சீங்க. மண்ணு குடிக்கலையே! அதான் இப்ப ஆயிலைக் குடிக்குது."

கூட்டம் 'அய்யோ' என்றது. என் வாயும் சேர்ந்துதான் சொன்னது. அவர் கற்பூரம் காட்டி, முணுமுணுத்து, கையை உயர்த்தினார். சர்தார் கிளப்பினார். முள் எழுந்து விறைத்து நின்றது. ஒருவன் தரையில் விழுந்து கும்பிட்டான்.

"மூணு நாள் வண்டி விரதம். அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கூலியாக வைத்திருந்த சேவலை மகராஜ் தூக்கினார்.

"மூணு நாளா? அதுக்குள்ள கரும்புக்குக் கருமாதி ஆயிடும்!"

குரல் அடுப்படியிலிருந்து வந்தது. எங்களுக்குச் சமைக்கிற செருவாயா. எட்டு வருஷம் மாமன் படகில் கொப்பரை ஏற்றிக்கொண்டு டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டினவள். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் மகராஜ் நீந்தி வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

"மகராஜ், நேத்துக் காலையிலயும் முள்ளு இப்படித்தான நின்னுச்சு? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மனசால வந்துட்டேன் தாயி."

"அப்ப மத்தியானம் முள்ளு விழுந்தப்ப மனசு சாப்பிடப் போயிருந்துச்சா?"

பக்கத்துக் கூட்டத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சர்தாருக்குச் சுருக்கென்றது.

"நீ போயி ரொட்டியப் பாரு, செருவாயா."

"ரொட்டியத்தான் பாக்கறேன் சர்தார். கரும்பு போனா மாவு எங்கருந்து வரும்? ஒரு நடை இழுங்க. முள்ளு விழுந்ததும் நிறுத்துங்க. விழுந்த முள்ளை இவரு ஏத்திக் காட்டட்டும். அப்புறம் நான் ஒரு மந்திரம் சொல்றேன். நான் தோத்தா பருவம் முழுக்கக் கூலியில்லாம சமைக்கிறேன். ஜெயிச்சா, அத்தனை பேரும் ஆளுக்கொரு நாள் என் மரவள்ளித் தோட்டத்துல களை எடுக்கணும்."

பதினோரு தலையும் ஆடின. தலையாட்டுவதற்கு இடுப்பு வளைய வேண்டியதில்லையே.

ஒரு நடை இழுத்தார்கள். முள் படுத்தது. சர்தார் உடனே நிறுத்தினார். மகராஜ் முணுமுணுத்தார், கையை உயர்த்தினார். சர்தார் கிளப்பினார். முள் லேசாகத் தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

"வெயில் ஏறிருச்சு. தேவதை தூங்கற நேரம்" என்றார் மகராஜ்.

"தூங்கட்டும். நாம சாப்பிடலாம்" என்றாள் செருவாயா.

டப்பா மீன் குழம்பும் ரொட்டியும் முடிந்து, வண்டி நன்றாக ஆறிய பிறகு அவள் கரண்டியோடு எழுந்து வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "மாவு பத்து கிலோ, பருப்பு மூணு கிலோ, டப்பா மீன் ஆறு, உப்பு ஒரு பொட்டலம், ஸ்வாகா!" கரண்டியை உயர்த்தினாள். சர்தார் கிளப்பினார்.

முள் எழுந்து விறைத்து நின்றது.

யாரும் தரையில் விழுந்து கும்பிடவில்லை. மளிகைச் சாமானைக் கும்பிடுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

"அடியில ஆயிலை உறிஞ்சற வாயில ஒரு சல்லடை இருக்கு" என்றாள் அவள். "வண்டி ஓடறப்ப குப்பை போயி அதுல அப்பிக்குது. ஆயில் ஏற மாட்டேங்குது. நிறுத்தி வெச்சா குப்பை உதிர்ந்து கீழ விழுது. ஆறின ஆயில் கெட்டியா வேற இருக்கும். முள்ளு நிக்காம என்ன செய்யும்? கழட்டுங்க."

ஆயிலை வடித்தோம். மூன்று பேர் அடியில் படுத்து போல்ட்டுகளைக் கழற்றி ஆயில் தொட்டியை இறக்கினோம். சல்லடை முழுக்கக் கருப்புக் களிம்பு. செருவாயா விரலை விட்டு இழுத்தாள். களிம்போடு ஒரு நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. டீசலில் அலசினாள். சிவப்பு.

அவள் நூலை மகராஜ் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"உங்க காப்புதானே மகராஜ்?"

மகராஜ் அசரவில்லை. "பாத்தீங்களா! வண்டியோட பாவத்தையெல்லாம் இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கு!"

"ஆமா. ஆயிலையும் சேத்துப் புடிச்சு வெச்சிருக்கு."

சர்தாரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது மகராஜ் பஸ்ஸில் இருந்தார். சேவலும் அவரோடு இருந்தது.

சல்லடையைக் கழுவி மாட்டி, புது ஆயில் ஊற்றி, சாயங்காலத்துக்குள் மூன்று நடை இழுத்தோம். முள் நின்ற இடத்தில் நின்றது. நாலு ஏக்கரும் கெடுவதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. மோசேசே மட்டும் குப்பையில் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அலசிக் கையில கட்டிக்கலாமா அக்கா? மந்திரிச்சதாச்சே" என்றான். செருவாயா கரண்டியைத் தேடினாள்.

இது நடந்து இரண்டு பருவம் ஆகிறது. சல்லடையை அடைத்தவருக்குச் சேவல் முன்கூட்டியே போனது, அதுவும் இரண்டு தடவை. அடைப்பை எடுத்தவள் களையெடுக்கக் கூப்பிட்டால் இடுப்பு வலி என்கிறோம். அடைப்பு இன்ஜினில் மட்டும்தான் இருந்ததா என்று ஒரு நடை யோசித்துப் பாருங்கள். செருவாயாவின் மரவள்ளித் தோட்டத்தில் பதினோரு ஆள், ஆளுக்கு ஒரு நாள் களையெடுப்பு, இன்னும் பாக்கி. அதில் ஒரு நாள் என்னுடையது.