ஹேரான் உட்கார்ந்தால் மட்டும் அலறும் கார்

குன்சான்,
முதல் பனி விழுந்த மறுநாள்

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் மூத்த மருமகன் மா தோக்பே தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. நம்வோன் பக்கம் குளிர் கடுமை என்று கேள்வி. தங்கள் முழங்கால், தங்கள் கோழிகள், முற்றத்து ஊறுகாய்ச் சாடிகள் எல்லாம் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் சுகத்தை மட்டும் கேட்காதீர்கள். போனில் பேசியிருப்பேன், எப்போது அழைத்தாலும் தங்கள் மகள், என் மனைவி ஹேரான்தான் எடுக்கிறாள், என் மூச்சுச் சத்தம் கேட்டதுமே வைத்துவிடுகிறாள். ஆகவே தபால்.

அவள் ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். வசந்தத்தில் வாங்கினோமே ஒரு கார், அது இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து, முன் இருக்கையில் அவள் உட்கார்ந்தால் மட்டும் டிங் டிங் என்று அலற ஆரம்பித்தது. பெல்ட் போடாதவர்களை எச்சரிக்கும் மணி அது. அவளோ போட்டிருக்கிறாள், கழற்றி மாட்டுகிறாள், திட்டி மாட்டுகிறாள், மணி நிற்கவில்லை. சந்தைக்குப் போனால் டிங், பல் வைத்தியரிடம் போனால் டிங், என் மேலாளரின் அப்பா செத்துப்போன துக்கத்துக்குப் போனபோதும் வாசல்வரை டிங். திரும்பும் வழியில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரு உக்காந்தாலும் பேசாம வருது. நீ உக்காந்தாத்தான் கத்துது. காருக்கே உன்னப் பிடிக்கல போல."

"ஓகோ. அப்ப காரோடயே குடும்பம் நடத்துங்க. அதுவே சோறும் பொங்கிப் போடட்டும். இந்த மணி என்னிக்கு நிக்குதோ அன்னிக்கு வரேன்."

பஸ் நிலையத்தில் இறங்கி உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள், அத்தை.

காரைப் பான் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தான், பெல்ட் கொக்கியின் ஸ்விட்சுக்கு மீட்டர் வைத்துப் பார்த்தான், இருக்கையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். என்னைத் தவிர எல்லாம் நன்றாகவே இருந்தது. அவனே பெல்ட் போட்டு உட்கார்ந்தான், சத்தமில்லை. குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு வாங்கிய கோஸ், போட அவள் இல்லாமல் பால்கனியில் அழுகிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு மூட்டையை ஏற்றிப் பெல்ட் மாட்டினோம், சத்தமில்லை. "அம்மா என்ன எடை இருப்பாங்க, முதலாளி?" என்று கேட்டான். அதை நான் தங்களுக்கு எழுதப்போவதில்லை. இன்னும் இரண்டு மூட்டை ஏற்றியும் பலனில்லை.

"கத்துறப்பதான் கோளாறப் பிடிக்க முடியும். அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"மணி நின்னாத்தான்டா அவ வருவா."

"அவங்க வந்தாத்தான் முதலாளி மணி அடிக்கும்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கடைசியில் அவன்தான், "அவங்க எப்படி உக்காருவாங்களோ அப்படியே உக்காந்து காட்டுங்க" என்றான். மானத்தை விட்டு உட்கார்ந்தேன். ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டேன், உதட்டைச் சுழித்தேன், "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். சத்தமில்லை. அப்போதுதான் உறைத்தது: முழங்கால் மடக்க முடியவில்லை என்று இலையுதிர் காலத்திலிருந்து அவள் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிக்கொள்வாள், அவள் இறங்கியதும், பின்னால் மூட்டை வைக்க இடம் வேண்டுமே என்று நான் முன்னுக்கு இழுத்துவிடுவேன். தள்ளினேன். டிங் டிங் டிங்! எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவளே வந்து உட்கார்ந்த மாதிரி.

டார்ச்சோடு கீழே குனிந்த பான் பின்னால் துள்ளி விழுந்தான்.

"ஐயோ முதலாளி! உள்ளேருந்து யாரோ பாக்குறாங்க!"

அது தாங்கள் வைத்த கருவாடு, அத்தை. கார் வாங்கிய அன்று சக்கரங்களுக்கு அரிசிக் கள் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு, விபத்து அண்டாமலிருக்க நூல் சுற்றிய முழுக் கருவாட்டை டிக்கியில் வைக்கப்போனேன். "டிக்கில வச்சா டிக்கியத்தான் காக்கும். எம்பொண்ண யாரு காப்பா?" என்று வாங்கிக்கொண்டீர்களே, அதை அவள் இருக்கைக்கு அடியில் செருகியிருக்கிறீர்கள். இருக்கை பின்னால் போனால் பெல்ட் வயர் அதன் திறந்த வாயில் மாட்டி இழுபட்டு இணைப்பு விட்டுப்போகிறது. முன்னால் வந்தால் ஒட்டிக்கொள்கிறது. விட்டுப்போனால், பெல்ட் போடவில்லை என்று கார் முடிவுகட்டுகிறது. தங்களைக் குறை சொல்லவில்லை. மகளைக் காக்கத்தான் அதை வைத்தீர்கள். அது அவளை என்னிடமிருந்தே காத்துவிட்டது.

கருவாட்டை எடுத்தாயிற்று, மணி நின்றாயிற்று. அதை வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரி மேல் மரியாதையாக வைத்திருக்கிறேன். காரைக் காக்க என் கையும் கண்ணும் போதும். இனி மீன் எதுவும் அதற்குள் நுழையாது. ஹேரானை அனுப்பிவையுங்கள். நான் சொன்ன சொல் தப்பு. கோஸ் அழுகுகிறது, நானும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

நூறு வயதிலும் கோழி விரட்டும் தெம்போடு தாங்கள் இருக்க வேண்டி, மண்டியிட்டு வணங்கும்

மருமகன்,
தோக்பே

பி.கு.: இதைப் போடத் தபால் நிலையத்துக்கு அந்தக் காரில்தான் வந்தேன். பின்னால் எடுக்கும்போது சிவப்புத் தபால் பெட்டி மேலேயே ஏற்றிவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கருவாடு அலமாரியில் இல்லை. மணி நின்ற சந்தோஷத்தில் பானும் நானும் அதை வாட்டி சோஜு சாராயத்துக்குத் தொட்டுக்கொண்டோம். இப்போது காரில் ஒரு சத்தமும் இல்லை, அத்தை, எனக்கு அது பிடிக்கவேயில்லை. தயவுசெய்து இன்னொரு கருவாட்டுக்கு நூல் சுற்றி ஹேரான் கையில் கொடுத்தனுப்புங்கள். டிக்கி இனித் திறக்காது. அவள் இருக்கைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளட்டும், மணி அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.