பதுளைக் கோட்டில் ஒரு கொழுந்துக் கூடை

சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் ஒருவன் தன் வீட்டாரை என்ன பாடு படுத்துவான் என்பது, அப்படி ஒருவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். தண்டனைச் சட்டக்கோவையில் நான் முதல் ஐம்பது பக்கங்களை முடித்த வாரம், எங்கள் வீட்டில் குற்றம் செய்யாதவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. உம்மா அடுத்த வீட்டு முருங்கையில் கீரை ஒடித்தது திருட்டு. மூத்தவள் ராத்தா என்னைப் பார்த்து அகப்பையை ஓங்கியது தாக்க முயன்ற குற்றம். அதைக் கண்டு வாப்பா சிரித்தது உடந்தை. (அகப்பை கடைசியில் என் முதுகில் இறங்கியது. அதற்கும் ஒரு பிரிவு இருந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.)

ரயில் பதுளைக்கு இன்னும் வராமல் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. உப்பு, கருவாடு, வெங்காயம், சேலைத் துணி எல்லாம் அங்கே கிடைக்கும். மகன் வழக்குப் பேசுகிற புரொக்டராகி, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்காக என்னை ஊரிலிருந்த ஒரு புரொக்டரிடம் சேர்த்துவிட்டார். காலையில் புத்தகத்தை உருப்போடுவேன். பகலில் அவருடைய வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு நீதவான் இருக்கும் கோட்டுக்குப் போவேன். சில வருடம் கழித்துக் கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும்.

எங்கள் புரொக்டர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுவதும் பகல் சாப்பாட்டுக்கு முன்னால்தான் வேலை செய்யும். பின்னேரத்தில் வரும் வழக்குகளுக்கு அவர் உடம்பை மட்டும் அனுப்பிவைப்பார்.

செல்லாயியின் வழக்கு பின்னேரத்தில்தான் வந்தது.

செல்லாயி ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். (தோட்டத்தின் பெயர் வேண்டாம்.) இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கையில் ஆறு மாதப் பிள்ளை. அவள் மேல் வழக்குப் போட்டவர் அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. முற்றிய இலை பறித்ததற்காக அவளை ஏசினாராம். பத்தடி தள்ளி நின்றுதான் ஏசினாராம். அவள் முதுகிலிருந்த கூடையைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி அவர் மேல் வீசினாளாம். அவர் மலைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கை முறிந்துவிட்டதாம். முறிந்த கை என்னவோ உண்மைதான். கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

செல்லாயி எங்கள் காரியாலயத்தில் வந்து சொன்ன கதை வேறு.

"முத்தல் எல இருக்கான்னு பாக்க, அவருதாங்க பின்னாடி வந்து கூடையப் புடிச்சு இழுத்தாரு. எந்தலையில இருந்த கவுறு நழுவிருச்சு. கூடையோட அவரும் கானுக்குள்ள போயிட்டாரு. நாந் திரும்பிப் பாக்குறப்ப காலு ரெண்டும்தான் தெரிஞ்சிச்சு."

அவளுக்குச் சாட்சி கிடையாது. பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் யாரும் அன்று ஒன்றையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறுநாள் காலை ஆள் பிரிக்கிற பெரட்டில் அவர்களுக்கு வேலை கிடைக்காது. தீர்ப்பு எதிராகப் போனால் அவளுக்குக் கம்பிக்குப் பின்னால் மறியல் நிச்சயம் என்றார் புரொக்டர். அவளுடைய புருஷன் மாயாண்டி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "பால் குடிக்கிற புள்ளைங்க. இது வேற யாருகிட்டயும் இருக்காதுங்க," என்று மட்டும் சொன்னான்.

அந்த நிமிஷம் என் மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது. நிறைந்த கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து கழற்றி மனிதர் மேல் வீசவே முடியாது! இதை நீதவானுக்கு முன்னால் செய்து காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. புரொக்டரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். தலையை ஆட்டினார். அது சம்மதமா தூக்கமா என்று நான் ஆராயவில்லை.

"சின்ன மொதலாளி, நீங்க எப்பவாச்சும் கூட தூக்கியிருக்கீங்களா?" என்று கேட்டாள் செல்லாயி.

"ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் எங்கள் கடையில்தானே? எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

வழக்கு நாளன்று மாயாண்டி கூடையைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே போடக் கொழுந்துக்கு எங்கே போவது? தோட்டத்தில் கிள்ளினால் அதுவே திருட்டாகிவிடும். எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தை மொட்டையடித்தேன். ஆனால் கொய்யா இலைக்குக் கனம் போதவில்லை. சட்டம் படிக்கிறவன் எதையும் சரியாகச் செய்ய வேண்டும் அல்லவா? கடைக்குள் போய்க் கூடையின் அடியில் வெங்காயத்தை நிரப்பி, மேலே இலையைப் பரப்பினேன்.

வாப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "மகன், வெங்காயம் என்னத்துக்கு?"

"சாட்சிக்கு வாப்பா."

"வெங்காயம் சாட்சி சொல்லுமா?"

"அது சொல்லாது. அதை வைத்து நான் சொல்வேன்."

"அப்ப நல்ல வெங்காயமாப் பாத்து எடுங்க," என்றார் வாப்பா. மகனுடைய படிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீதவான் சீமையிலிருந்து புதிதாக வந்த இளம் துரை. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற முதலியார் நின்றார். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, சிரிப்பே அறியாத முகம். கணக்கப்பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறித் தன் கதையைக் கிளிப்பிள்ளை போலச் சொன்னார். எங்கள் புரொக்டர் எழுந்து, "கூடையை நீர் தொடவே இல்லையா?" என்று கேட்டார்.

"பொம்பளைங்க கூடையத் தொடுற பழக்கமே எனக்கு இல்லீங்க. வேலைக்கு வந்த நாள்ல இருந்து தொட்டதில்ல."

புரொக்டர் கூடையைப் பற்றித் துரையிடம் ஏதோ சொல்லி, என்னைக் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தார். துரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்து காட்டச் சொன்னார்.

நான் கூடையைத் தூக்கி முதுகில் வைத்து, கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்காக இழுத்து, இரண்டு தோளிலும் கொடுத்து மாட்டினேன். எங்கள் கடைத்தெருவில் பொட்டணி சுமக்கிறவர்கள் அப்படித்தான் மாட்டுவார்கள். குற்றவாளிக் கூண்டுக்குள்ளிருந்து செல்லாயி, "ஐயையோ," என்று மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, இப்போது வீசும்," என்றார் துரை.

வீச முடியாமல் தவிப்பதுபோல் காட்ட வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஒரு தோளைக் குலுக்கினேன். கயிறு அந்தத் தோளிலிருந்து கழன்றுவிட்டது. கனம் முழுவதும் மற்றப் பக்கம் சாய, நான் பம்பரமாய் ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் கூடை என்னை விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டது. முதலியாரின் மேசையில் போய் இறங்கி, மைக்கூட்டைக் கவிழ்த்தது. வெங்காயம் கோட்டு முழுவதும் உருண்டது. ஒன்று துரையின் சப்பாத்துவரை போய் நின்றது. நான் கொய்யா இலைக்கு நடுவில் மல்லாந்து கிடந்தேன். அங்கிருந்து பார்த்தால் கோட்டுக் கூரையில் இரண்டு ஓடு பெயர்ந்திருப்பது தெரிந்தது.

கோட்டே சிரித்தது. முதலியார் கூடச் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். துரை சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆக, வீச முடிகிறது," என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்குப் போட்டவருக்குக்கூடக் கிடைக்காத சாட்சியை நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். வெளியே மாயாண்டியின் தோளில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு கிடந்த நேரத்தில் நான் பட்ட வெட்கத்தைப் போல வாழ்நாளில் வேறெதற்கும் பட்டதில்லை. எங்கள் புரொக்டர் முழித்துக்கொண்டார்தான். ஆனால் முழித்து என்ன செய்ய? ஐம்பது பக்கங்களில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"தொரை, ஒரு வார்த்த," என்றாள் செல்லாயி. "அவரு கவுற மாத்திப் போட்டுட்டாருங்க. கவுறு தலையில இருக்கணும். நான் போட்டுக் காட்டட்டுங்களா?"

முதலியார் மொழிபெயர்த்தார். துரை சரி என்றார். கோட்டுச் சேவகன் வெங்காயத்தைப் பொறுக்கி மறுபடியும் நிரப்பினான். செல்லாயி முந்தானையை மடித்து உச்சந்தலையில் வைத்து, அதன் மேல் கயிற்றை இருத்தி, ஒரே எழும்பலில் நிமிர்ந்தாள். முதுகில் கூடை இருப்பதே தெரியவில்லை. வீசச் சொன்னார்கள். குனிந்தாள், திரும்பினாள், கையைப் பின்னால் கொண்டுபோனாள். கூடை அசையவில்லை. "ஒக்காந்து எறக்கி வச்சாத்தாங்க வரும். இல்லாட்டி யாராச்சும் பின்னாடி இருந்து இழுக்கணும்," என்றாள்.

"சேவகன் இழுத்துப் பார்க்கட்டும்," என்றார் துரை.

சேவகன் பயந்தவன். கூடையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. பக்கவாட்டில் இழுத்தான். செல்லாயி மரம்போல நின்றாள். மேலே தூக்கிப் பார்த்தான். சாட்சிக் கூண்டில் நின்ற கணக்கப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உதட்டைக் கடித்தார். தலையில் அடித்துக்கொண்டார். சேவகன் நாலாவது தடவை அடியில் கையைக் கொடுத்ததும், அவர் வாய் தானாகத் திறந்தது.

"அட மடையா, அப்புடி இல்லடா! வாயப் புடிச்சுக் கீழ அமுக்கி ஒரு வெட்டு வெட்டணும்! எத்தன கூடைய இழுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சொல்லும்போதே நல்ல கை காற்றில் அமுக்கி வெட்டியும் காட்டிவிட்டது.

முதலியார் ஒரு சொல் விடாமல், நிதானமாக, மொழிபெயர்த்தார். கணக்கப்பிள்ளை தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லாயி கூடையை இறக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கும் இப்புடித்தான வெட்டுனீங்க?"

துரை எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். கால் மணி நேரத்தில் செல்லாயி வெளியே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அழுகை நின்றது.

நான் மைக்கறையோடு பின்னாலேயே ஓடினேன். "அவர் வாயைத் திறப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெனம் மலையில பாக்குறேனுங்களே. யாராச்சும் ஒரு வேலையத் தப்பாச் செஞ்சா அந்தாளுக்குப் பொறுக்காது. நீங்க விழுந்தப்பவே அவருக்குக் கை அரிச்சிருச்சு. அதப் பாத்துத்தான் எனக்கு யோசனையே வந்துச்சு."

மறியல் வாசலில் நிற்கும்போது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஒருத்திதான் சாட்சியின் கையைக் கவனித்திருக்கிறாள். சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதைப் பற்றி நான் கொழும்பில் பிறகு எத்தனையோ படித்தேன். அதைவிட அழகாக ஒருவர் செய்து நான் பார்த்ததே இல்லை. இதைச் சபையில் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வந்தாள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கடை நிறைய ஆட்கள். வாப்பா தயங்கித் தயங்கி, "மகன் வழக்கக் கெடுத்துப் போட்டாராமே?" என்று கேட்டார்.

"யாருங்க சொன்னது?" என்றாள் செல்லாயி. குரலில் கேலி இல்லை. "ஒரு ஆம்பள கொழுந்துக் கூடைய முதுகுல போட்டு நான் பாத்ததே இல்ல மொதலாளி. மத்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு வாதாடுவாங்க. ஒங்க மகன் எனக்காக விழுந்து வாதாடுனாரு."

மூட்டைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கடையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் போதுமாயிருந்தது. பொழுது சாய்வதற்குள் அது தெமோதரை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் சோதனை பாஸ் பண்ணி, கறுப்புக் கோட்டுப் போட்டு, புரொக்டராகி, தலையும் நரைத்துவிட்டது. என் பெயர் எழுதிய பலகை வாசலில் தொங்குகிறது. ஒருவரும் அதை வாசிப்பதில்லை. தோட்டத்திலிருந்து வழக்குக் கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் நின்று, "விழுந்து வாதாடுன ஐயா வீடு எதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நான் உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். என் மனைவி வாசலுக்குப் போய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "இந்த ஊடுதான், பயப்படாம வாங்க. இப்ப குந்திக்கொண்டுதான் இரிக்கிறார்," என்பாள்.