கதறும் கதவும் கிரீஸ் பாயும்

பாம்பன் கடற்காற்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தவர் இவ்வுலகில் ஒருவர்தாம். அவர் எங்கள் எதிர்வீட்டுக் கிரீஸ் பாய். அவருடைய இயற்பெயரை எவரேனும் அறிந்திருக்கக்கூடும், நான் அறியேன். கப்பல் எந்திரங்களுக்கு மசகிடும் பணியில் பல்லாண்டுகள் கழித்துக் கரை திரும்பியவர், விசைப்படகுகளுக்கு உகந்த கிரீஸைத் தேர்ந்து வாங்கித் தருவதைத் தொழிலாகக் கொண்டார். தொழில் என்பதைவிடத் தவம் என்பதே பொருந்தும்.

அவர் வீட்டுச் சாளரம் ஒவ்வொன்றின் கீலிலும் வெவ்வேறு நிறுவனத்தின் கிரீஸ் இருக்கும். நாள்தோறும் வாளியில் கடல்நீர் கொணர்ந்து அவற்றை நீராட்டுவார். கிரீஸ் பால்போல் வெளுத்து வழிந்துவிட்டால் அந்நிறுவனம் அவரளவில் மறைந்துவிட்டது. வெளுக்காது ஒட்டி நின்றாலும் இரண்டு மழைக்காலங்களைக் கடக்கும்வரை நம்பமாட்டார். விருந்தினர் எவராயினும் சாளரங்களைத் திறந்து மூடித் தீர்ப்புக் கூறிய பின்னரே தேநீர் பெறுவர்.

தூத்துக்குடிக் கடைக்காரர் ஒருவர், டப்பா டப்பாவாகத் திறந்து விரலிட்டு முகர்ந்தவரிடம் பொறுமையிழந்தார்.

"பாய், இது கிரீஸ் கடை. மாப்பிள்ளை பாக்குற எடமில்ல."

"மாப்பிள்ளை சரியில்லேன்னா பொண்ணு பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துருவா தம்பி. பேரிங் வருமா?"

தேர்ச்சி பெற்ற கிரீஸை மட்டுமே தம் வாசல் இரும்புக் கதவுக்கு இடுவது அவர் நெறி. பழைய கப்பல் தோழர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து அனுப்பிய சிறு டப்பா ஒன்று அப்பேற்றைப் பெற்றிருந்தது. வைகறைத் தொழுகைக்கு அவர் புறப்படும்போது அக்கதவு பூனையின் நடைபோல் ஒலியின்றித் திறக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாள் வந்தது. என் தம்பி முருகேசனுக்கு வாழ்வே ஒற்றை விசைப்படகுதான். முந்தைய பருவத்தில் வலையை இழுக்கும் வின்ச் நடுக்கடலில் இறுகி நின்றுவிட, வலையை அறுத்தெறிந்துவிட்டுத் திரும்பியவன் அவன். என்னையும் அழைத்துக்கொண்டு பாயிடம் வந்தான்.

"பாய், விடிஞ்சாக் கடலுக்குப் போறோம். வின்ச்சுக்கு ஒரு டப்பா குடுங்க."

"இல்ல."

"அந்தா, அலமாரி நெறைய இருக்கே?"

"அதெல்லாம் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கு. இன்னும் ரிசல்ட்டு வரல."

"அப்ப லாரிக்குப் போடுறத வாங்கிப் போட்டுக்கிறேன்."

பாய் எழுந்துவிட்டார். "ஏலே முருகேசா! லாரி நின்னா எறங்கித் தள்ளலாம். கடல்ல எறங்கி யாருலே தள்ளுவா?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? இந்தத் தடவையும் வின்ச்சு நின்னுச்சுன்னா படகை வித்துட்டு, எங்க அண்ணன் வீட்டுச் சோத்துலதான் உக்காரணும்."

பாய் என்னை ஏற இறங்க நோக்கினார். "வாத்தியார் வீட்டுச் சோறா? பகையாளிக்கும் வேணாம்லே அது" என்றவாறு உள்ளே சென்றார். திரும்பியபோது அவர் கையில், வாசற்கதவுக்கென வைத்திருந்த அச்சிறு அயல்நாட்டு டப்பா இருந்தது.

படகுக்குத் தாமே வந்தார். "பழசோட புதுசைக் கலந்தா ரெண்டும் கெடும்" என்று வின்ச்சின் பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெய் இட்டுத் துடைத்தெடுத்தார். பின்னர் டப்பாவின் அடிவரை விரலால் வழித்து, எஞ்சியது அனைத்தையும் அதற்கே இட்டார். அப்பருவம் முழுதும் வின்ச் ஒருமுறையும் இறுகவில்லை. படகு இன்றும் முருகேசனுடையதே.

கதவுதான் கெட்டது. ஒரு மழைக்காலம் கடந்ததும் அது கதறத் தொடங்கிற்று. நன்றி மறவாத முருகேசன் சென்னைவரை அலைந்து உயர்ந்த கிரீஸ் ஒன்றை வாங்கி வந்து நீட்டினான். பாய் அதை இரு கைகளாலும் மகிழ்ந்து ஏற்று, அடுக்களைச் சாளரத்திற்கு இட்டார்.

"வாசக்கதவுக்குத்தான வாங்கியாந்தேன் பாய்!"

"பாஸாகட்டும், பாப்போம்."

இன்றளவும் தேர்ச்சி பெறுபவை எல்லாம் எவருடைய படகுக்கேனும் போய்விடுகின்றன. கதவுக்கு எதுவும் எஞ்சுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு வைகறையிலும் அக்கதவின் கதறலில்தான் எங்கள் தெரு கண்விழிக்கிறது. தொடக்கத்தில் நான் மிகவும் சினந்தேன். இப்போதோ, அது கதறத் தாமதமானால், இருளிலேயே செருப்பைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறேன்.